எதிரியின் மந்திரத்தைப் பாதியில் உடைப்பது: புதிதாகக் கிக் அடிக்க வருபவர்களுக்கு

ஆன்லைன் கேமில் ஐந்து பேர் குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் செத்து விழுகிறார்கள் என்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். நிறுத்தியிருக்க வேண்டிய ஒரு மந்திரத்தை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கான பட்டன் பலர் கையிலும் இருந்தது. எதிரி மந்திரத்தை எவ்வளவு ஓதிவிட்டார் என்று காட்டும் காஸ்ட் பார் நிரம்பிக்கொண்டே வந்ததும் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆனாலும் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டால் புதியவர்கள் சொல்வது, "எனக்கு ரியாக்‌ஷன் பத்தாதுங்க."

நான் பல வருடங்களாகக் குழுக்களில் கிக் அடிக்கும், அதாவது எதிரியின் மந்திரத்தை இடைமறிக்கும், பொறுப்பை ஏற்று விளையாடுகிறேன். புதிதாக வருபவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். கை வேகம் பற்றாமல் கோட்டை விட்டவர்களை அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த நொடியில் 'இதை நிறுத்தலாமா, வேண்டாமா, நானா, அவரா' என்று யோசிக்க ஆரம்பித்ததால் கோட்டை விட்டவர்களே அதிகம். அந்த யோசனையைச் சண்டைக்கு முன்பே முடித்துவைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கிக் என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வந்தபோது அதில் ரோக் வகுப்புக்கு (வகுப்பு என்பது நாம் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகை) இருந்த ஒரு திறனின் பெயர் அது. நாளடைவில் மந்திரத்தை இடைமறிக்கும் எந்தத் திறனையும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கும் அப்படித்தான் எழுதுகிறேன்.

முதலில் காலக்கணக்கு

திரையில் ஒன்று மாறியதும் பட்டனை அழுத்த வேண்டும், வேறெதையும் யோசிக்க வேண்டாம் என்றால், ஆரோக்கியமான இளைஞர் ஒருவருக்கு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். காதால் கேட்டு அழுத்துவது இதைவிடச் சில பத்து மில்லி விநாடி விரைவு. கண் இமைக்கிற நேரத்தையும் விரல் நொடிக்கிற நேரத்தையும் மாத்திரை என்று நம் இலக்கணம் அளக்கிறதே, கிட்டத்தட்ட அந்த அளவு காலம்தான் இது. இதற்குக் கீழே போவது உடம்புக்குக் கஷ்டம். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின் 100 மில்லி விநாடிக்குள் ஒருவர் கிளம்பினால் அதைத் தவறான தொடக்கம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். சத்தத்தைக் கேட்டு அல்ல, எதிர்பார்த்துக் கிளம்பினார் என்று அர்த்தம். கேமில் யாராவது நம்ப முடியாத வேகத்தில் கிக் அடித்தால் அவரும் எதிர்பார்த்துத்தான் அடித்திருக்கிறார். நல்ல வேளையாக, கேமில் அதற்குத் தண்டனை இல்லை.

ஆனால் இந்த 200, 250 என்பதெல்லாம் கேள்வியே இல்லாத சூழலுக்கு. தேர்வு செய்ய வேண்டி வந்தால் கதை வேறு. நெதர்லாந்தைச் சேர்ந்த டாண்டர்ஸ் 1868-லேயே இதை அளந்து காட்டினார்: ஒரே சைகைக்கு ஒரே பதில் என்பதைவிட, பல சைகைகளில் எது வந்தது என்று பிரித்தறிந்து பதில் தருவதற்கு நேரம் கூடுகிறது. 1952-இல் ஹிக் என்ற ஆய்வாளர், தேர்வுகளின் எண்ணிக்கை கூடக் கூட எதிர்வினை நேரமும் கூடுவதை ஒரு விதியாகவே எழுதினார். நம் சண்டைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மூன்று எதிரிகள், ஆளுக்கு மூன்று மந்திரம், நம்மிடம் ஒரு கிக், எதிரியைச் சற்று நேரம் செயலற்று நிற்கவைக்கும் ஒரு ஸ்டன். அந்த நேரத்தில் உட்கார்ந்து தேர்வு செய்தால் அரை விநாடி காணாமல் போகும். 'அந்த ஒரு மந்திரம், இந்த ஒரு பட்டன்' என்று முன்பே தீர்மானித்தவருக்கு அந்த அரை விநாடி மிச்சம். பயிற்சியால் உங்கள் அடிப்படை வேகத்தை இருபது முப்பது மில்லி விநாடி குறைப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். கேள்வியைக் குறைப்பதற்கு ஒரு சிறு குறிப்புத்தாள் போதும்.

இதோடு இயந்திரத்தின் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 7. இதைவிடப் பெரியது பிங், அதாவது செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பிவர ஆகும் நேரம். 80 என்று காட்டினால், எதிரி மந்திரம் தொடங்கிய செய்தி உங்களிடம் வர ஒரு 40, நீங்கள் அழுத்திய செய்தி சர்வருக்குப் போக இன்னொரு 40 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது நீங்கள் திரையில் பார்ப்பது கொஞ்சம் பழைய காட்சி. பார் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்போது சர்வரில் அது முடிந்தே போயிருக்கலாம். "நான் அழுத்தினேனே!" என்று நாம் கத்துவதில் பாதி இதனால் வருவது.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இதைப் புரிந்துகொண்டால் எந்தக் கேமுக்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். 2005-இல் வந்த முதல் கில்ட் வார்ஸில் ரேஞ்சருக்கு டிஸ்ட்ராக்டிங் ஷாட் என்று ஒரு அம்பு உண்டு. சரியாகப் பட்டால் எதிரியின் மந்திரம் உடைவதோடு, அந்தத் திறன் கூடுதலாக 20 விநாடி முடங்கிப்போகும். ஆனால் அம்பை விடவே அரை விநாடி ஆகும். எதிரி ஒரு விநாடி மந்திரம் ஓதுகிறார் என்று வையுங்கள். 1000-இல் 500 அம்பு விடுவதற்குப் போனது. அம்பு பறக்க 150 என்று வைப்போம், பிங் 80. மிச்சம் 270. அதாவது கேள்வியே கேட்காமல் அழுத்தினால் மட்டும் கிடைக்கக்கூடிய மந்திரம் அது. அதே கேமில் மெஸ்மர் வகுப்பின் இடைமறிப்புகள் பலவும் கால் விநாடியில் முடிபவை. அம்பு பறக்கும் வேலையும் இல்லை. 1000-இல் 250-ம் 80-ம் போக 670 மிச்சம். பார்த்து, பெயரைப் படித்து, அழுத்தவே நேரம் இருக்கிறது. ஒரே எதிரி, ஒரே மந்திரம், ஒரே விளையாட்டாளர். கையில் இருக்கும் கருவி மாறியதும் 'மயிரிழையில்தான் முடியும்' என்பது 'நிதானமாகச் செய்யலாம்' ஆகிறது. ரேஞ்சராக இருந்தால் இரண்டு விநாடி மந்திரங்களைக் குறிவையுங்கள். ஒரு விநாடி மந்திரத்தை யோசிக்காமல் அழுத்தினால் மட்டுமே பிடிக்க முடியும்.

டோட்டா 2-இல் எனிக்மா என்ற பாத்திரத்தின் பிளாக் ஹோல் மந்திரம் இன்னொரு நல்ல பாடம். பட்டனை அழுத்தி 0.3 விநாடியில் அது தொடங்கிவிடும். அதைத் தொடங்கவிடாமல் பார்த்துத் தடுப்பது கணக்குப்படி நடக்கிற காரியம் இல்லை. ஆனால் தொடங்கியபின் அதைத் தொடர்ந்து பிடித்திருக்க அவர் அசையாமல் நிற்க வேண்டும், அதிகபட்சம் 4 விநாடி. அந்த 4 விநாடிக்குள் உடைப்பதுதான் உங்கள் வேலை. அப்படியென்றால் உங்கள் ஸ்டனைச் சண்டையின் தொடக்கத்திலேயே வேறு யார் மேலாவது செலவழித்துவிடக் கூடாது. பிளாக் ஹோலில் சிக்காத தூரத்திலும் நிற்க வேண்டும். பிளாக் கிங் பார் என்ற பொருளை அவர் வாங்கிவிட்டாரா என்றும் பார்த்துவைக்க வேண்டும், ஏனென்றால் அது இயங்கும்போது பெரும்பாலான ஸ்டன்கள் வேலை செய்யாது. இதில் எதிலுமே விரல் வேகம் இல்லை, கவனித்தீர்களா?

எதை அடிப்பது, எதை விடுவது

கிக் ஒன்றுதான் இருக்கிறது, மந்திரங்கள் பல வருகின்றன. எல்லாவற்றையும் அடிக்கப் பார்ப்பவர் முக்கியமானது வரும்போது வெறுங்கையோடு நிற்பார்.

சண்டைக்கு முன் எதிரியின் மந்திரப் பட்டியலைப் பாருங்கள். அதில் மூன்று வகைக்கு முதலிடம்: குழு முழுவதையும் அடிக்கும் பெரிய மந்திரம், எதிரி தன்னையோ தன் கூட்டாளியையோ பெரிதாகக் குணப்படுத்துவது, உங்கள் ஹீலரையோ (குணப்படுத்துபவர்) டேங்கையோ (முன்னால் நின்று அடி வாங்குபவர்) செயலிழக்க வைப்பது. ஒருவரை மட்டும் லேசாகச் சுடும் சாதாரண மந்திரங்களை ஹீலர் சமாளித்துக்கொள்வார், விட்டுவிடுங்கள். பட்டியலிலிருந்து இரண்டே பெயரை எடுத்துத் தாளில் எழுதிக் கண்முன் ஒட்டுங்கள். மூன்றாவது பெயரை எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள்.

அடுத்து, காஸ்ட் பாரைப் படிக்கப் பழக வேண்டும். நிரம்பும் பார் ஒன்று, வடியும் பார் ஒன்று. நிரம்பும் பாரில் முடிவுக்கு வந்தால்தான் மந்திரம் பலிக்கும். அதனால் எந்தப் புள்ளியில் உடைத்தாலும் முழு வெற்றி. வடியும் பார் என்பது சேனல் மந்திரம், தொடங்கிய கணத்திலிருந்தே அடி விழுந்துகொண்டிருக்கும். பாதியில் உடைத்தால் பாதி அடியை ஏற்கெனவே வாங்கியாயிற்று. எனவே வடியும் பாரைப் பார்த்தவுடன் அடியுங்கள். நிரம்பும் பாரில் பொறுக்கலாம்.

எல்லா மந்திரத்தையும் உடைக்க முடியாது என்பதையும் கேம்கள் கண்ணுக்குத் தெரியும்படி சொல்கின்றன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் உடைக்க முடியாத மந்திரத்தின் பாரில் கேடயக் குறி இருக்கும். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் நேர்மாறு: உடைக்க முடிந்ததன் பார்தான் சிவப்பாகத் துடிக்கும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் எதிரியைச் சுற்றிச் சிவப்புக் கோடுகள் தெறித்தால் உடைக்கச் சொல்கிறது என்று பொருள். தடுப்பைப் பிடித்தபடியே தாக்கும் பட்டனைத் தட்டினால் போதும். புதிய கேம் தொடங்கினால் முதல் நாளே இந்தக் குறி என்னவென்று தெரிந்துகொண்டுவிடுங்கள். கேடயக் குறியைப் பார்த்துக் கிக்கை வீணடித்துவிட்டு அடுத்த மந்திரத்துக்குக் கையைப் பிசைந்து நிற்பது எல்லோரும் செய்த தவறு.

வார்கிராஃப்டில் கூடுதலாக ஒரு நுணுக்கம் உண்டு. கிக் பட்டால், எதிரி ஓதிக்கொண்டிருந்த மந்திரம் எந்த வகையோ, நெருப்பு, பனி, நிழல் என்று, அந்த வகை முழுவதும் சில விநாடிகள் பூட்டப்படும். ஒரே வகையை நம்பியிருக்கும் ஹீலரை நீங்கள் அடித்தால் அவர் கை முழுவதும் கட்டிப்போட்ட மாதிரி. இரண்டு வகை வைத்திருப்பவர் மற்றதுக்குத் தாவிவிடுவார். எனவே மனித எதிரிக்கு எதிராக ஆடும்போது 'எந்த மந்திரத்தை' என்பதோடு 'எந்த வகையை' என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையையும் திரையையும் தயார்செய்வது

கிக் பட்டனை மவுஸால் கிளிக் செய்யாதீர்கள். நகர்வதற்காக இடதுகை விரல்கள் இருக்கும் இடத்திலிருந்து நீட்டாமலே எட்டும் ஒரு விசையை அதற்குக் கொடுங்கள், அல்லது மவுஸின் பக்கவாட்டு பட்டன். எந்த வகுப்பை ஆடினாலும், எந்தக் கேமாக இருந்தாலும், அதே விசை. இது நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத விதி. விரலுக்கு மறதி வராமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

காஸ்ட் பாரைப் பெரிதாக்கி, உங்கள் கண் இயல்பாக நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பலர் அதை மேல் மூலையில் விட்டுவிட்டு, கீழே தங்கள் பட்டன்களின் கூல்டவுனையே (மறுபடி அழுத்தக் காத்திருக்க வேண்டிய நேரம்) பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூலைக்குக் கண் போய்வரும் நேரமும் கணக்கில் சேரும். கேமில் ஒலி எச்சரிக்கை வைக்க முடிந்தால் அந்த இரண்டு மந்திரங்களுக்கு மட்டும் வையுங்கள். காது கண்ணைவிட விரைவு, எங்கே பார்த்துக்கொண்டிருந்தாலும் கேட்கும். பத்து மந்திரங்களுக்கு ஒலி வைத்தால் ஒன்றும் காதில் ஏறாது.

ஃபோகஸ் டார்கெட், அதாவது அடிக்கும் எதிரியைத் தவிர இன்னொருவரையும் குறித்துவைக்கும் வசதி, இருக்கும் கேம்களில் அதைப் பயன்படுத்தாமல் ஆடுவது பெரிய நஷ்டம். அடிப்பது ஒருவரை, நிறுத்த வேண்டியது வேறொருவரை என்ற நிலை அடிக்கடி வரும். டார்கெட்டை மாற்றி, கிக் அடித்து, மறுபடி பழையவரிடம் வருவதற்குள் மந்திரம் முடிந்துவிடும். ஃபோகஸில் இருப்பவரைக் கிக் அடிக்கும்படி ஒரு மேக்ரோ (கட்டளைகளை ஒரே பட்டனில் சேர்த்து வைப்பது) போட்டுக்கொண்டால் ஒரே அழுத்தம்.

நீங்களும் மந்திரவாதியாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வார்கிராஃப்டில் கிக் திறன்கள் பொதுக் கூல்டவுனுக்குக் கட்டுப்பட்டவை அல்ல, மற்றத் திறனை அழுத்திய மறுகணமே அழுத்தலாம். ஆனால் நீங்களே ஒரு மந்திரத்தின் நடுவில் இருந்தால் அது குறுக்கே நிற்கும். 'என் மந்திரத்தை விடு, பிறகு கிக் அடி' என்று இரண்டையும் ஒரே மேக்ரோவில் வையுங்கள். இல்லாவிட்டால் பட்டனை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு கேமைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எப்போது அழுத்துவது

கேம் நடத்தும் எதிரி ஏமாற்றமாட்டார். தொடங்கினால் முடிக்கத்தான் பார்ப்பார். அவரிடம் தாமதமாக அடிக்க அடிக்க உங்களுக்கு லாபம். இரண்டரை விநாடி மந்திரத்தை இரண்டாவது விநாடியில் உடைத்தால், அந்த இரண்டு விநாடியும் அவர் ஒன்றும் செய்யாமல் வீணாக்கியது. ஆனால் பாரின் கடைசிக் கால் விநாடி பிங்குக்குச் சொந்தம், அங்கே போகாதீர்கள். பழகத் தொடங்கும் நாள்களில் பார் பாதி நிரம்பியதும் அடியுங்கள். கை பழகியபின் முக்கால் வரை கொண்டுபோகலாம். ஒன்றரை விநாடிக்கும் குறைவான மந்திரமென்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், பார்த்ததும் அடிக்க வேண்டியதுதான்.

மனித எதிரி வேறு ரகம். அவர் ஹீல் ஓதத் தொடங்குவார், பார் கால்வாசி போனதும் ஓரடி நகர்ந்து தானே நிறுத்திவிடுவார். நீங்கள் அதற்குள் அழுத்தியிருந்தால் கிக் காற்றில் போகும். ரோக்கின் கிக் திரும்பி வர 15 விநாடி. அந்த 15 விநாடியும் அவர் ராஜா. இதைப் போலி காஸ்ட் என்கிறோம், அரீனாவில் (ஆட்டக்காரர்கள் சிறு குழுக்களாக மோதும் போட்டி) நல்ல ஹீலர்கள் எல்லோரும் செய்வது. பதறாத காரியம் சிதறாது என்பதை இங்கேதான் நான் முழுதாக உணர்ந்தேன். பதற்றம் உள்ள விரலைத்தான் அவர் தூண்டில் போட்டுப் பிடிக்கிறார்.

இதற்கு மருந்து பாரைப் பார்ப்பதில் இல்லை, அவருடைய கூட்டாளியின் உயிர்க்கோட்டைப் பார்ப்பதில் இருக்கிறது. கூட்டாளிக்கு முக்கால் உயிர் இருக்கும்போது அவசரமாக ஹீல் தொடங்கினால் அது தூண்டிலாக இருக்க வாய்ப்பு அதிகம். கால்வாசிக்குக் கீழே போய்விட்டால் நடிக்க நேரமில்லை, அது உண்மையான ஹீல். அப்போது அடியுங்கள். போட்டியின் முதல் ஒரு நிமிடத்தில் அவர் எந்தப் புள்ளியில் நிறுத்துகிறார் என்று பார்த்துவையுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில்தான் நிறுத்துவார்கள், அவர்களுக்கே தெரியாது. அந்த இடம் தாண்டியதும் உங்கள் விரல் இறங்கலாம். சில சமயம் நேர்மாறாக, தொடங்கிய கணத்திலேயே அடித்துவிடுங்கள். நீங்கள் எப்போதும் பொறுப்பவர் என்று அவர் முடிவுகட்டிவிட்டால் அவருக்கு வாழ்வு எளிதாகிவிடும்.

நீங்களே ஹீலராக ஆடும் நாளில் இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். தூண்டில் போடுபவர் கையில் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் கடிக்காமல் இருப்பது தானாக வரும்.

குழுவாக அடிக்கும்போது

இரண்டு பேர் ஒரே மந்திரத்தை ஒரே நேரத்தில் அடிப்பதும், மூன்று பேரும் 'மற்றவர் அடிப்பார்' என்று விடுவதும் ஒரே நோயின் இரண்டு முகம். வரிசை எழுதிக்கொண்டால் இரண்டும் போய்விடும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள், வகுத்துப் பாருங்கள். எதிரி 8 விநாடிக்கு ஒருமுறை அந்த மந்திரத்தைத் தொடங்குகிறார், உங்கள் கிக் 15 விநாடி என்றால், இரண்டு பேர் மாறி மாறி அடித்தால் ஆளுக்கு 16 விநாடிக்கு ஒருமுறை. வெறும் ஒரு விநாடி இடைவெளி. ஒருவர் சற்றே தாமதித்து அடித்தால் அடுத்த சுற்று உடைந்துவிடும். ஆகவே மூன்றாவது ஆளைக் காத்திருப்பில் வையுங்கள். ஷாமனின் விண்ட் ஷியர் 12 விநாடியில் திரும்புவது, தூரத்திலிருந்தும் அடிக்கலாம். ஷாமன் இருந்தால் அவரை வரிசையில் முதலில் போடுங்கள். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் டேங்கின் இன்டர்ஜெக்டும் தூரத் தாக்குநர்களின் ஹெட் கிரேஸும் 30 விநாடி, அங்கே வகுத்தல் வேறு மாதிரி வரும். இந்த எண்களைக் கேம் நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றும், ஆடும் அன்று திறனின் விளக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குரலில் பேசும்போது "நான் அடிச்சிட்டேன்" என்பதைவிட "அடுத்து நீ" என்பது பயனுள்ளது. அடுத்தவரின் மூளை அந்தச் சொல்லைக் கேட்டதும் தயார்நிலைக்கு வந்துவிடும். முன்கூட்டி வரும் எச்சரிக்கை எதிர்வினை நேரத்தைக் குறைக்கும் என்பது ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். வரிசையில் ஒருவர் இறந்துவிட்டால் அவருக்கு அடுத்தவர் கேட்காமலே அவர் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் தொடங்குமுன்பே பேசிவையுங்கள்.

பழகும் முறை

நிறம் மாறியதும் கிளிக் செய்யும் சோதனைகளில் நாள்கணக்கில் உட்கார வேண்டாம். அவை அளப்பது கேள்வியே இல்லாத எதிர்வினையை. உங்களுக்குப் பிரச்சினை அங்கே இல்லை. தூக்கம் குறைந்த இரவுக்கு மறுநாள் அந்த எண் மோசமாவதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமான ஆட்டத்துக்கு முந்தின இரவு சீக்கிரம் படுக்க அது உதவும்.

முதல் வாரம் எளிதான சண்டைகளுக்குப் போய், அடியின் அளவைப் பற்றிக் கவலைப்படாமல், தாளில் முதலில் எழுதிய அந்த ஒரு மந்திரத்தை மட்டும் பிடியுங்கள். மற்ற எதையும் கிக் அடிக்காதீர்கள், கிக் சும்மா கிடந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது வாரம் இரண்டாவது பெயரைச் சேருங்கள். அதன்பின் உங்கள் வழக்கமான தாக்குதல் சுற்றோடு சேர்த்து ஆடுங்கள். முதலில் எல்லாமே குழம்பும். சில நாளில் தெளியும்.

ஆட்டத்தைப் பதிவுசெய்து, தவறிய ஒவ்வொரு கிக்கையும் திரும்பப் பாருங்கள். தவறியதற்கு எதிரே ஒரு சொல் எழுதுங்கள். 'பார்க்கவில்லை' என்றால் காஸ்ட் பாரின் இடத்தையும் ஒலியையும் சரிசெய்ய வேண்டும். 'தயங்கினேன்' என்றால் தாளில் பெயர்கள் கூடிவிட்டன, குறையுங்கள். 'கிக் தயாரில்லை' என்றால் சில்லறை மந்திரத்துக்குச் செலவழித்திருக்கிறீர்கள், அல்லது வரிசைக்கு ஆள் போதவில்லை. 'வேறு ஆள் மேல் போய்விட்டது' என்றால் ஃபோகஸ் மேக்ரோ. 'அழுத்தினேன், ஆனால் முடிந்துவிட்டது' என்று எழுத வேண்டி வந்தால் மட்டும், பிங்கைப் பார்த்துவிட்டு, பாரில் நீங்கள் அழுத்தும் இடத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள்.